212-ஆம் மரமும் கஸ்தூரியும்

மரத்தை முதலில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார் கஸ்தூரி. பிறகுதான் நோட்டைத் திறப்பார். ஆய்வுத் தோட்டத்தின் பதினேழாவது பிளாக்கில் எண்ணெய் தரும் 240 செம்பனை மரங்கள். ஒவ்வொன்றுக்கும் இந்த மரியாதை உண்டு. "கதவ தட்டாம யாரு வீட்டுக்கும் போவ மாட்டேன்லா" என்பார்.

மலேசியாவின் குளுவாங்கிலிருந்து காலை ஆறே காலுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், காதுக்குப் பின்னால் பென்சில். பேனாவை நம்புவதில்லை, மழையில் மை ஓடிவிடும். வெட்டி இறக்கும் ஒவ்வொரு குலையிலிருந்தும் ஐம்பது பழம் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் உருட்டுவார். வழவழப்பாக இருந்தால் நல்ல பழம். பக்கத்தில் கொம்பு போலச் சதை முளைத்திருந்தால் கோளாறு. பெண் பூவில் மகரந்தத் தாள்கள் வெறும் சுவடாக நிற்க வேண்டிய ஆறு இடங்களில் சூலகம் தப்பாக எழும்பியதன் விளைவு அது. எண்ணெய் குறையும், குலையே அழுகுவதும் உண்டு.

இந்த மரங்களை அவருக்குப் போத்தலில் இருந்தபோதே தெரியும். 2006 முதல் ஏழாண்டு திசு வளர்ப்புக் கூடத்தில் இருந்தார். ஒன்பது பெண்கள், எல்லாருக்கும் ஒரே அளவு ரப்பர் செருப்பு, எலும்பைக் கடிக்கும் ஏர்கோன் குளிர். போத்தலுக்குள் இலைத்துண்டு, தான் இலை என்பதையே மறந்து, எதுவாகவும் ஆகக்கூடிய இளம் உயிரணுக்களாகத் திரளும். அதிலிருந்து கன்று வரும். ஒவ்வொரு போத்தலையும் மூடியதும் கஸ்தூரி இரண்டு தட்டுத் தட்டுவார்.

மரங்கள் பூத்தபோதுதான் கொம்பு தெரிந்தது. கூடத்தை மூடினார்கள். எட்டுப் பேர் வேறு வேலைக்குப் போனார்கள். தீபாவளிக்குத் தீபாவளி போனில் அந்தச் செருப்பைச் சொல்லிச் சிரிப்பார்கள். கஸ்தூரி மட்டும் தோட்டத்தில் வேலை கேட்டார்.

ஆய்வாளர் சாந்தினி ஒருமுறை விளக்கினார். "மரபணுல எழுத்து எதுவும் மாறலக்கா. அது மேல இருந்த குறி அழிஞ்சிருச்சு. போத்தல்ல இருக்கறப்பவே நடந்திருக்கும்."

"அப்ப நாந்தான்."

"அய்யோ, அலமாக், எத்தனையோ ஊர்ல இப்படி ஆயிருக்கு. உங்க கை என்னக்கா பண்ணும்?"

சில மரங்கள் காலப்போக்கில் தாமே திருந்தும் என்று சாந்தினி சொன்னதைக் கஸ்தூரி பிடித்துக்கொண்டார். நோட்டில் 212-ஆம் மரத்தின் பக்கம் புரட்டிப் புரட்டி நைந்துவிட்டது. 2013-இல் ஐம்பது பழத்தில் முப்பத்தொன்றுக்குக் கொம்பு. பிறகு பத்தொன்பது, எட்டு, மூன்று. கடந்த பதினொரு மாதமாகச் சுழியம்.

இந்த ஆண்டு மறுநடவு. பன்னிரண்டு மாதம் ஒரு கொம்புகூட இல்லாத மரம் மட்டும் நிற்கும். மற்றவற்றுக்குச் சிவப்புக் குறி. திங்கட்கிழமை இயந்திரம் வந்து சாய்க்கும்.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் மாதக் கணக்குக்கு, குலை வெட்டும் காளியப்பன் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் 212-இன் குலையை இறக்கினார். கஸ்தூரி சாக்கை விரித்து உட்கார்ந்தார். நாற்பத்து மூன்றாவது பழத்தில் கட்டைவிரல் நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரே கொம்பு, அரிசி அளவு.

"பூச்சி கடிச்சிருக்கும்லா," என்றார் காளியப்பன். "தூக்கிப் போட்டுட்டு வேற ஒன்னு எடுங்கக்கா. நானும் பாக்கல."

"என் விரல் பாத்துருச்சே."

மீதி ஏழு பழத்தையும் உருட்டினார். நோட்டில் 1 என்று எழுதினார். சிவப்புச் சாயத் தூரிகைக்குக் கை நீட்டிய காளியப்பனிடம் கொடுக்காமல், தானே குறி போட்டார். ஈரம் காயும் முன் அதன் மேலேயே இரண்டு தட்டுத் தட்டினார். விரல் முட்டியில் சிவப்பு ஒட்டியது. துடைக்கவில்லை. 213-க்கு நடந்துபோய், அதைச் சிவப்பு ஒட்டாத இடது கையால் தட்டினார்.