வளைவில் கவிழ்ந்த அம்பாசிடர்

போன வாரம் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு நான்கு நாள் கேபிள் டி.வி. தெரியவில்லை.

காரணம் — நான்தான்.

கேபிள்காரத் தம்பி மொட்டை மாடிக்கு ஏறி இறங்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாரோ நடுவுல ஒரு சாண் ஒயரை வெட்டிட்டுப் போயிருக்காங்க டீச்சர். எதுக்குன்னே புரியல. திருடுறவன் முழுசால்ல எடுத்துட்டுப் போவான்?"

"காலம் கெட்டுக் கெடக்கு தம்பி" என்றேன். கையோடு காபியும் கொடுத்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் நேர்மையைப் பற்றி நான் எழுதியதைப் பாராட்டிக் கடிதம் போட்டவர்கள், அந்தக் கடிதங்களைத் தாராளமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். தம்பி, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த ஒரு சாண் ஒயர் எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவை உங்களுக்குத் தெரியும். நோன்புக் கஞ்சி பற்றி எழுதியபோது வந்தாரே, அந்த மெஹரு. அவர் கணவர் ஜபருல்லா சவூதியில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாதம் லீவு. மகள் பர்வீனுக்கு ஐந்து வயது. அத்தா எங்கே என்று யாராவது கேட்டால், டெலிபோனைக் காட்டும். வெள்ளிக்கிழமை தோறும் அதிலிருந்து வருகிற குரல்தானே அதற்கு அத்தா?

இந்தத் தடவை அந்தக் குரல், மீசை வைத்து, ஆறடி உயரத்தில், சென்ட் வாசனையோடு வாசலில் வந்து நின்றது. பிள்ளை அலறிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டது.

அன்றையிலிருந்து பர்வீன் பள்ளிக்கூடம் விட்டால் நேரே எங்கள் வீடுதான். கார்ட்டூன் பார்க்கும், என் மடியில் படுக்கும், சாப்பிடும். ஜபருல்லா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார். "பர்வீனு... வாடா, கடைக்குப் போவோம்" என்பார். அது என் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

ஒருநாள் என்னிடம் ரகசியமாகக் கேட்டது: "டீச்சரம்மா, அவங்க எப்ப ஊருக்குப் போவாங்க?"

எனக்குப் பகீர் என்றது. அதே நேரம்... உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெற்ற தகப்பனை விட்டுவிட்டு என்னிடம் ஒட்டிக்கொள்கிறதே பிள்ளை! என் அன்பு அப்படி. வேறென்ன?

இப்போது காருக்கு வருவோம்.

ஜபருல்லா மகளுக்காக அங்கிருந்து ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். ஸ்லாட் கார் செட். கறுப்புத் தடத் துண்டுகளை எட்டுப் போட்ட மாதிரி கோத்துக்கொள்ள வேண்டும். தடத்தில் இரண்டு பள்ளக் கோடுகள். காரின் அடியில் இருக்கும் முனை அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். பள்ளத்தின் இரு பக்கமும் ஓடும் தகடுகளிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டு கார் ஓடும். இரண்டு கார், இரண்டு கைப்பிடி. விசையை அமுக்க அமுக்க வேகம்.

"பொட்டப் புள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கியாரக் கூடாதா?" என்று மெஹரு கேட்டிருக்கிறார்.

"பொம்மைன்னா அது தனியா வச்சு வெளையாடிக்கும். இதுக்கு ரெண்டு பேரு வேணும்ல?" என்றிருக்கிறார் ஜபருல்லா.

இதை மெஹருதான் என்னிடம் சொன்னார். ஆனால், பிள்ளை கிட்ட வரட்டும் என்று ஒன்றரை மாதமாகத் திறக்காமல் வைத்திருந்த அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது, ஒரு கார்தான் முழுசாக இருந்தது. சிவப்புக் கார். மஞ்சள் கார் மேல் பால் பவுடர் டின் உட்கார்ந்து வந்திருக்கிறது. மோட்டாரும் சக்கரமும் அடி முனையும் தப்பின. உடம்பும் அடிப்பலகையும் சுக்குநூறு. இரண்டு பேர் விளையாட வாங்கியது, ஒரு பேர் விளையாடுகிற சாமானாகிவிட்டது.

லீவு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜபருல்லா அந்த மஞ்சள் சில்லுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம், என் வாய் சும்மா இருந்ததா?

"இவ்வளவுதானே தம்பி? நான் செஞ்சு தர்றேன். பிசிக்ஸ் டீச்சர்னு சும்மாவா?"

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "போன வருஷம் மிக்ஸியைப் பிரிச்சே. இன்னும் பரண்ல கெடக்குது" என்றார். சிலருக்குப் பழையதைக் கிளறுவதே பொழுதுபோக்கு.

பெட்டியில் போட்டிருந்தது — நிஜக் காரில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று. கணக்கு என்றால் கணக்குத்தான். டேப்பை எடுத்துக்கொண்டு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு அம்பாசிடரை நீளம், அகலம், உயரம் அளந்து நோட்டில் குறித்தேன். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். "வெலைக்கா டீச்சர்?"

"சும்மா பாக்குறேன்" என்றேன். அவர் மற்ற டிரைவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

அப்புறம் தேரடி. பொம்மைக் கடையில் ஸ்கேலும் கையுமாக அரை மணி நேரம். பதிமூன்றரை சென்டிமீட்டரில் ஒரு வெள்ளை அம்பாசிடர் கிடைத்தது. தடித்த, கெட்டிப் பிளாஸ்டிக். கடைக்காரர் அதைத் தரையில் போட்டு, "ஏறி நில்லுங்க டீச்சர், ஒடையாது!" என்றார். என் உடம்பைப் பார்த்துவிட்டும் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வாங்கிவிட்டேன்.

கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சக்கரம் உள்ளே சுற்ற இடமில்லை. ஓரத்தைச் செதுக்க வேண்டும். கத்தி வழுக்கியது. ரம்பத் தகடு மழுங்கியது. கடைசியில் கத்தியை அடுப்பில் காட்டி, பழுக்கப் பழுக்க வைத்து இழுத்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"என்ன கருகுது? ரசமா?"

"அம்பாசிடர்" என்றேன்.

பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் மனுஷன் நிறையப் பக்குவப்பட்டிருக்கிறார்.

அடிப்பலகைக்குத் தகரம் வேண்டும். மஞ்சள் காரை நசுக்கியதே அந்தப் பால் பவுடர் டின், அதையே வெட்டினேன். செய்த பாவத்துக்கு அது சுமக்கட்டும்! மோட்டாரைப் பொருத்தி, அச்சு, சக்கரம், பல்சக்கரம் எல்லாம் மாட்டி, அம்பாசிடரை மேலே கவிழ்த்து இரண்டு திருகு போட்டேன். பத்து நாள் வேலை. கட்டை விரலில் இரண்டு கொப்புளம். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் அப்பளம் சுட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மெஹரு வீட்டிலிருந்து வாங்கி வந்த ஒரு தடத் துண்டின் மேல் கார் அழகாக நின்றது. ஓடத்தான் இல்லை.

அடி முனையின் இரு பக்கமும் இரண்டு செம்புப் பின்னல்கள் இருக்க வேண்டும். அவைதான் தகட்டை உரசிக் கரண்டை எடுப்பவை. பழையவை நைந்து போயிருந்தன. சாதாரண ஒயரை வைத்தால் விறைத்துக்கொண்டு நின்றது. மெத்தென்று, தட்டையாக, சடை பின்னின மாதிரி வேண்டும். எங்கே போவேன்? நாளை மறுநாள் ஜபருல்லாவுக்குப் பயணம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருடம் கேபிள் இழுக்கும்போது அந்தத் தம்பி ஒயரின் தோலை உரித்தாரே... உள்ளே அப்படியே சடைப் பின்னல்!

மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவரில் கறுப்பு ஒயர் ஒரு சுருளாகத் தொங்கியது. உபரி என்று முடிவு கட்டிவிட்டேன். யார் சொன்னார்கள் உபரி என்று? யாரும் சொல்லவில்லை. ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

பின்னலை வைத்தேன். கார் உறுமியது! நானும் கொஞ்சம் உறுமினேன்.

ஐந்து மணிக்கு பர்வீன் வந்தது. டி.வி.யைப் போட்டது. வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சேனலை மாற்றியது. அங்கேயும் புள்ளி.

"டி.வி. வரலையா டீச்சரம்மா?"

"வரல போலருக்குடா. வா, நான் கதை சொல்றேன். முறுக்கு தரட்டுமா?"

அது ஒரு நிமிடம் யோசித்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டியது.

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

போயே விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதமாக என் அன்பு, என் அன்பு என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தது, கூரை மேல் கிடந்த ஒரு கறுப்பு ஒயர் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. அதையும் நானே வெட்டியிருக்கிறேன்.

முறுக்கை நானே தின்றுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மெஹரு வீட்டுக் கூடத்தில் தடத்தை விரித்தோம். ஜபருல்லாவுக்குச் சிவப்பு. எனக்கு என் அம்பாசிடர். பர்வீன் அடுப்படி நிலையில், அம்மாவின் பின்னால் பாதி முகம் தெரிய நின்றது. இங்கேயும் டி.வி. தெரியவில்லை, வேறு எங்கே போகும்?

விசையை அமுக்கினேன். நேர்ப் பாதையில் அம்பாசிடர் ராஜா மாதிரி போயிற்று. முதல் வளைவு வந்தது. பல்டி! நான்கு சக்கரமும் மேலே. மறுபடி வைத்தேன். மறுபடி பல்டி. வைக்கோல் ஏற்றின லாரி வளைவில் ஏன் கவிழ்கிறது என்று வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறவள் நான். பாரம் உயரத்தில் இருந்தால் கவிழும் பிள்ளைகளா, உயரத்தில் இருந்தால் கவிழும். தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். தடித்த பிளாஸ்டிக் கூரையைத் தூக்கி மெல்லிய தகரத்தின் மேல் வைக்கும்போது மட்டும் அந்தப் பாடம் எங்கே போயிற்று?

ஐந்தாவது பல்டியில் கார் சறுக்கிக்கொண்டு போய் பர்வீனின் காலடியில் நின்றது. பிள்ளை குனிந்து எடுத்தது. தடத்தில் வைத்தது — முன்பின் மாற்றி. நான் கவனிக்காமல் அமுக்க, கார் பின்பக்கமாகப் பாய்ந்து தகப்பனுடைய காரில் முட்டி, இரண்டும் எகிறி விழுந்தன. பர்வீன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... ஜபருல்லாவும் சிரித்தார். ஆனால் அவர் காரைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பிள்ளை அடுப்படி நிலைக்குத் திரும்பவில்லை. வளைவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கார் கவிழும், எடுத்து வைக்கும். கவிழும், எடுத்து வைக்கும். நான் கைப்பிடியை மெஹருவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நல்ல பெண்ணாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். விடவில்லை. தோற்ற வெறி. மறுநாள் கடைத்தெருவில் மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகள் வாங்கினேன். காரின் அடியில் ஈயத்தை ஒட்டிவிட்டால் பாரம் கீழே இறங்கும், ஜென்மத்துக்கும் கவிழாது. பள்ளிக்கூடம் விட்டதும் குண்டுகளோடு மெஹரு வீட்டுக்குப் போனேன்.

மெஹரு வாசலிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதைச் சரி பண்ணிடாதீங்க."

உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

"அத்தா! கவுந்துடுச்சு! அத்தா, மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னேன்ல?"

டெலிபோனைப் பார்த்துச் சொல்லும் அத்தா இல்லை இது. ஆளைப் பார்த்துச் சொன்னது. ஈயக் குண்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்?

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மெட்ராஸ் போக வேன் வந்தது. ஜபருல்லா ஏறப் போகும்போது பர்வீன் உள்ளே ஓடி, அம்பாசிடரை எடுத்து வந்து அவர் கையில் திணித்தது.

"இது உங்களுக்கு. செவப்பு எனக்கு. நீங்க வந்தப்புறம் ரேஸ் விடலாம்."

அந்த ஆறடி மனுஷன் வேனுக்குள் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாட்டில் தாராளமயம், ஏற்றுமதியைப் பெருக்க வேண்டும் என்று தினமும் பேப்பரில் போடுகிறார்கள். என் பங்குக்கு ஒன்று செய்துவிட்டேன். மன்னார்குடியில் தயாரான கார் ஒன்று இன்று சவூதியில் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் பர்வீன் வந்தது. கேபிள் வந்துவிட்டது, பின்னே வராதா? ஆனால் டி.வி. பக்கம் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சரம்மா, அங்க கார் கவுந்துச்சுன்னா யாரு எடுத்து வைப்பா?"

"அங்க ரோடெல்லாம் நேரா இருக்குமாம்டா. உங்க அத்தாதான் சொன்னாங்க. கவுறாது."

அது என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"நீங்க செஞ்ச காராச்சே, டீச்சரம்மா. கவுந்துடும்."

டி.வி.யைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.