டியூட்டி வந்தால் சாகும் ராஜா

வளைகுடா நாட்டில், எங்கள் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் லீவு நாளில் நாடகம் போடுகிறவர் அண்ணாச்சிதான். ராஜா வேஷமும் அவருக்குத்தான். கனத்த உடம்பு, மை தீட்டிய மீசை. வசனம் பேசும்போதும் கண் கேட் பக்கமே போகும்.

"ஏன் அண்ணாச்சி, கேட்டையே பாக்கீங்க?" என்று ஒத்திகையில் கேட்டேன்.

"கம்பெனி பஸ் வருதான்னு பாக்கேன். திடீர்னு டியூட்டிக்குக் கூப்பிட்டா போயிரணும்லா? அதான் நம்ம நாடகத்துல யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் செத்துரலாம். மிச்ச ஆள வச்சு கதைய ஓட்டிருவோம்."

நாடகத்தன்று இரண்டாம் காட்சியிலேயே பஸ் வந்து ஹாரன் அடித்தது. சூப்பர்வைசர் அவரைப் பார்த்துக் கையசைத்தான். போருக்குக் கிளம்பிய ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிறகு எழுந்து, கிரீடத்தை மந்திரி தலையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

நாடகம் தொடர்ந்தது. நன்றாக இருந்த ராஜா எதனால் செத்தார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.