ஏரிக்கரையில் அக்காவின் சொந்தங்கள்

எங்கள் அக்கா தென்காசியில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடைக்குட்டியான எனக்கு அம்மாவின் இடுப்பைவிட அக்காவின் இடுப்புதான் அதிகம் நினைவிருக்கிறது. அத்தானுக்குக் கொல்கத்தா துறைமுகத்தில் வேலை. மணமான கையோடு அக்கா அங்கே கிடர்பூர் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மொழி தெரியாது, பிள்ளைப்பேறும் வாய்க்கவில்லை. ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்தெல்லாம் பெரும்பாலும் போனில்தான் அவருக்கு நடந்தன. அந்த ஏக்கத்தை அவர் யாரிடமும் சொல்லி அழுததில்லை.

அத்தான் ஓய்வு பெற்று லேக் கார்டன்ஸில் வீடு வாங்கிய பிறகு, இருவருக்கும் பக்கத்து ஏரிக்கரையில் நடை பழக்கமானது. காளி பூஜை முடிந்து, வங்காளிகள் குளிருக்குக் காதை மூடும் மங்கி கேப்பை எடுத்து மாட்டிக்கொள்ளும் நாட்கள் என்றால் அக்காவுக்கு உயிர். மரத்தடியில் நின்று நின்று பறவைகளுக்குப் பெயர் வைப்பார். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, உங்களில் பலர் கொல்கத்தாவில் பறவையாக இருப்பது உங்களுக்கே தெரியாது. தோளைக் குறுக்கிக்கொண்டு யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இராக்கொக்கு, மதுரைப் பெரியப்பா. சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், குற்றாலத்தில் ஈர வேட்டியைப் பிடித்தபடி நிற்கும் சின்ன மாமா. சண்டையும் சத்தமுமாக எப்போதும் கூட்டமாகவே திரியும் தவிட்டுக்குருவிகள் யார் என்பது அத்தைமார்களுக்கே விளங்கும்.

அத்தான் காலமானபின் ஊருக்கே வந்துவிடும்படி எல்லோரும் அழைத்தோம். வேலை மாற்றலில் நானும் அப்போது கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். அந்த ஐப்பசியில், குளிருக்கு வடக்கேயிருந்து வந்து இறங்கியிருந்த ஒரு பழுப்புக் கீச்சான் பறவையை அக்கா எனக்குக் காட்டினார். கண்ணோரம் கறுப்புப் பட்டை, அத்தானின் மூக்குக்கண்ணாடி போலவே.

"அவிய இங்க வாறாவ. நான் எங்கல போவ?" என்றார். அதற்குமேல் யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

சென்ற ஆண்டு நோய் அக்காவைக் கட்டிலில் தள்ளியது. மருத்துவரும் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு இருந்ததோ ஒரே கவலை. "அவிய வந்துட்டாவளா?" என்று காலைதோறும் கேட்பார். குளிர் வந்தும் கீச்சான் வரவில்லை. அவர் முகம் வாடுவது பொறுக்காமல் ஒருநாள், வந்துவிட்டார் என்றேன்.

"எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தாவ?"

"தண்ணியப் பாத்து."

"பொய் சொல்லாதல. அவியளுக்குப் புல்லுலதான் சாப்பாடு. தண்ணிக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவாவ." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பக்கத்து வீட்டு மிதாலி தீதி அக்காவின் நடைத்தோழி. ஒரு காலையில் ஏரிக்கரையிலிருந்து அவர் போன் செய்தார். "தீதி, ஏஷே கேச்சேன்," அக்கா, வந்துவிட்டார் என்று வங்க மொழியில் சொல்லி, போனை மரத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தார். கரகரவென்று ஒரு குரல் கேட்டது. அக்கா கண்ணை மூடிக் கேட்டார்.

"வந்ததும் வராததுமா ஏசுதாவ பாரு," என்றார். அன்று கஞ்சியை மீதம் வைக்காமல் குடித்தார். அந்த மார்கழியிலேயே எங்களைப் பிரிந்தார்.

அக்காவைக் குளிப்பாட்டித் தலைவாரி, உடன்பிறந்தவளாகப் பார்த்துக்கொண்ட மிதாலி தீதிக்கும், வேண்டியதை லேக் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தந்த கடைக்காரருக்கும், ரயிலேறி வந்து எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த முதலாண்டு நினைவுக்காக எழுத உட்காருமுன் ஏரிக்கரைக்குப் போனேன். அத்தான் இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டார். தண்ணீருக்கு முதுகைக் காட்டி, நடைபாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா இனி வரமாட்டார் என்று அவரிடம் சொல்லாமலே திரும்பி நடந்தேன்.