வேறு வாரிசு எவரும் இல்லை

சொந்த அக்காவின் பட்டா மனுவை நான் படித்துக்கூடப் பார்க்காமல் அவளிடம் கையெழுத்து வாங்கினேன். அதைவிட வெட்கக்கேடு, அந்த மனுவை நான் எழுதவும் இல்லை.

எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வரிசையில் மனு எழுதுவதென்றால் என்னிடம்தான் வருவார்கள். எப்போதோ பத்திரிகைகளில் நாலைந்து நகைச்சுவைக் கட்டுரை வந்ததால் கிடைத்த மரியாதை. கண்ணை மூடிக்கொண்டு குறையைக் கேட்பேன், "நாளைக்கு வாங்க" என்பேன். அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் செல்போனில் இருக்கும் ஏஐயிடம் விஷயத்தைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்வேன். மறுநாள் பாராட்டை மட்டும் நேரில் நானே பெற்றுக்கொள்வேன்.

அக்கா மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் மாற்றுக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறாள். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. பதிலுக்கு அவள் மாமனார் பெயரில் ஒரு மனை கொடுத்தார்கள். மாமனார் காலமானார். பிறகு கான்ட்ராக்ட் வேலையில் இருந்த அக்காவின் கணவரும் இறந்துபோனார். பட்டா அவள் பெயருக்கு மாறினால்தான் அரசு வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியும். இப்போது தலைக்குமேல் இருப்பது விரிசல் விட்ட ஆஸ்பெஸ்டாஸ். மழைக்காலத்தில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்பதில் அவளுக்கு ஓர் இன்ஜினியரின் தேர்ச்சி வந்துவிட்டது.

மனு கொடுத்துச் சில வாரங்களில் கிராம நிர்வாக அலுவலர் எனக்கு போன் செய்தார். தொடர்பு எண் என்ற இடத்தில் என்னுடையதைத்தான் கொடுத்திருந்தேன். "மனு விஷயமா கொஞ்சம் பேசணும் சார். அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

இந்த அம்மா டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்கமாட்டார் என்பது ஊரார் அவர்மேல் சொல்லும் புகார். கை நீட்டும் அதிகாரியிடம் போவதில் ஒரு நிம்மதி உண்டு, அவருக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரியும். எதுவும் வேண்டாத அதிகாரியை எப்படிச் சமாளிப்பது என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போய் உட்கார்ந்ததும் மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதை முழுசாப் படிச்சீங்களா சார்?"

"நான்தானேங்க எழுதினேன்" என்றேன்.

அவர் விரலை வைத்துப் படித்தார். "'மனுதாரர் மேற்படி மனையில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறார்.' முப்பது வருஷத்துக்கு முன்னாடி அங்க முந்திரிக்காடு. அக்கா மரத்து மேலயா இருந்தாங்க?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம் ஒரு அரசாணை நம்பர் போட்டிருக்கீங்க. நானும் தேடிப் பாத்துட்டேன், சீனியர்ங்ககிட்டயும் கேட்டுட்டேன். அப்படி ஒரு அரசாணையே கிடையாது."

மேசையிலிருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அது அவருடையது என்று குடித்த பிறகுதான் உறைத்தது.

"கடைசியா இது. 'மேற்படி மாமனாருக்கு மனுதாரரின் கணவரைத் தவிர வேறு வாரிசு எவரும் இல்லை.'"

"என் கொழுந்தன் இருக்காருங்களே, திருப்பூர்ல" என்றாள் அக்கா. மனுவை வாங்கி, முதல்முறையாக, முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

கொழுந்தனைப் பற்றி அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊரோடு சேர்ந்து கிளம்பி வராதவர்களை அந்தக் குடியிருப்பில் யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை. பெயர் அடிபட்டால் "அவன் ஊரு போனப்பவே போனவன்" என்று முடித்துவிடுவார்கள். அக்காவுக்கும் அதே பழக்கம். நான் சொல்லாமல் விட்ட இடத்தை ஏஐ காலியாக விடவில்லை, நல்ல தமிழில் ஓர் ஆளையே துடைத்துவிட்டது. அடியில் இருப்பது அக்காவின் கையெழுத்து. பொய்த் தகவல் கொடுத்ததாக வழக்கென்று வந்தால் அவள்தான் போய் நிற்க வேண்டும்.

"இது செல்போன் எழுதினதுங்க மேடம்" என்றேன்.

"தெரியுது சார். இப்ப பாதி மனு இப்படித்தான் வருது. அதுக்குக்கூட நான் பயப்படல. இதைப் பாருங்க." கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

மனுக்களைப் படித்துச் சுருக்கித் தர மேலிடத்தில் புதிதாக ஏதோ மென்பொருள் போட்டிருக்கிறார்களாம். அக்காவின் மனுவுக்குக் கீழே அது எழுதியிருந்தது: கோரிக்கை நியாயமானது, வேறு வாரிசு இல்லை, குறிப்பிட்ட அரசாணை பொருந்துகிறது, ஏற்கலாம்.

"இதுல நான் பரிந்துரைன்னு ஒரு பட்டனைத் தட்டினாப் போதும், மேல கையெழுத்தாகிப் பட்டா வந்துரும். நேர்ல போய் விசாரிச்சியான்னு ஒருத்தரும் கேக்கப்போறதில்ல. தட்டலன்னாத்தான், ஏன் லேட்டுன்னு கேப்பாங்க."

இரண்டு இயந்திரங்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன. ஒன்று பொய்யைச் சொல்லியிருக்கிறது, இன்னொன்று அதைச் சரிபார்த்திருக்கிறது. திருப்பூரில் எங்கோ ஒரு மனிதர், தாம் பிறக்கவே இல்லை என்பது தெரியாமல் பனியன் தைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் இடையில் தடையாக இருந்தது ஓர் அம்மாவின் ஆட்காட்டி விரல் மட்டும்தான். அந்த விரல் வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் இந்த போனே வந்திருக்காது.

இதைவிடப் பயங்கரமான ஒன்றும் இருந்தது. தட்டிவிடுங்களேன் என்று என் மனம் அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. ஊழலைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கிண்டலடித்தவன், வாயைத் திறந்தால் அந்த வார்த்தை விழுந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க சொல்லுங்கக்கா" என்றார் அவர்.

அக்கா மனுவை மேசைமேல் திரும்ப வைத்தாள். "கொழுந்தன் ஒரு நல்லது கெட்டதுக்கு எட்டிப் பாத்ததில்லைங்க. ஆனா ரெண்டு பொண்ணுங்க இருக்குது. நாளைக்கு அதுங்க வந்து வாசல்ல நின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு பதில் சொல்றது? வூடு ஒழுவிகினு கெடக்கட்டும். அதைக் கிழிச்சிப் போட்டுருங்க."

"கிழிக்க முடியாதுக்கா, ஆன்லைன்ல ஏறிடுச்சு. வாபஸ்னு எழுதிக் குடுங்க. உள்ளதை உள்ளபடி புது மனு போடுங்க, கொழுந்தன்கிட்ட சம்மதம் வாங்குங்க. நானே வந்து அக்கம்பக்கத்துல விசாரிச்சு எழுதறேன். ஆனா சீக்கிரம் பண்ணுங்க, எனக்கு டிரான்ஸ்ஃபர் வரும்போல இருக்கு."

"அடுத்து வர்றவரும் நேர்ல வந்து விசாரிப்பாருங்களே" என்றேன், ஒரு தைரியத்துக்காக.

"ஆள் போடுவாங்களான்னே தெரியல சார்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வெளியே வந்ததும் அக்கா திருப்பூருக்கு போன் போட்டாள். பல வருஷத்துக்குப் பிறகு அண்ணியின் குரலைக் கேட்ட கொழுந்தன் நலம் விசாரித்தார், பட்டா என்றதும் "யோசிச்சுச் சொல்றேன் அண்ணி" என்று வைத்துவிட்டார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார். புது மனுவை மட்டும் அன்றே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். அடித்து, திருத்தி, பாதியில் பேனா மக்கர் செய்து, எப்படியோ முடித்து உள்ளே கொடுத்துவிட்டு நகலுடன் வந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பயத்தையெல்லாம் அக்காவிடம் கொட்டினேன். அந்த அம்மாவும் போய்விட்டால் நம்மைப் பற்றி எந்தப் பொய்யை எது எழுதும், எது ஏற்கும், யாரிடம் போய் இல்லை என்று சொல்வது என்றெல்லாம். அவள் என் மனுவின் நகலைப் படித்துக்கொண்டிருந்தாள். முடித்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"உண்மையாத்தான்டா எழுதிகிற. ஆனா அந்த செல்போன் எழுதினதைப் படிச்சப்ப எனக்கே என்மேல எரக்கம் வந்துச்சு. நீ எழுதினதைப் படிச்சா, இவளுக்கு எதுக்குப் பட்டான்னு இருக்குது."