செப்டம்பர் பன்னிரண்டுக்கு ஓர் எதிராளி

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பும் முன், ஆர்லிஸ் ப்ரூயிட் தோற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். முந்தின நாள் நடந்த, ஆளோடு ஆள் மோதும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களின் முடிவுகள் பேப்பரில் பொடி எழுத்தில் இரண்டு பக்கத்துக்கு வந்திருக்கும். ஜெயித்தவன் பக்கம் அவர் கண் போவதே இல்லை. ஐம்பத்தாறுக்கு மூன்று, அறுபத்திரண்டுக்குப் பூஜ்யம் என்று வாங்கிக் கட்டிக்கொண்ட சின்னக் கல்லூரிகளாகப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். மனைவி நேடீன் காரில் ஏறி ஹாரன் அடித்த பிறகும் இன்னும் இரண்டு வட்டம் விழும்.

"கர்த்தர் காத்துக்கிட்டிருக்காரு, ஆர்லிஸ்."

"அவருக்குச் சனிக்கிழமை ஆட்டம் கிடையாது. காத்திருப்பாரு."

மேற்கு ஓக்லஹோமாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது கேடோ வேலி ஸ்டேட் பல்கலைக்கழகம். அதன் அணிக்கு ஹார்வெஸ்டர்ஸ் என்று பெயர். வருஷத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம். அதில் ஒன்பதை லீக்கே முடிவு செய்துவிடும். யாரும் வாய் திறக்க முடியாது. மீதி மூன்று செப்டம்பர் சனிக்கிழமைகளுக்கு யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் இருபத்தாறு வருஷமாக ஆர்லிஸின் உத்தியோகம். பெரிய பெரிய அணியைக் கூப்பிட்டால் டெலிவிஷன் வரும், பெயர் வரும், உதையும் வரும். நோஞ்சான் அணியைக் கூப்பிட்டால், வந்துபோவதற்கு அவர்களுக்கு ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். ஆனால் வெற்றி வீட்டுக்கே வந்து சேரும். ஆர்லிஸ் இரண்டாம் கட்சி. கேட்டால் விரலை மடக்கிக் கணக்குச் சொல்வார்.

"மூணு சும்மா வரணும். மூணு அடிச்சு வாங்கணும். ஆறு சேர்ந்துட்டா டிசம்பர்ல நாமளும் மனுஷங்க."

டிசம்பரில் பௌல் என்கிற கௌரவ ஆட்டத்துக்குக் கூப்பிடுவது ஆறு ஜெயித்தவர்களைத்தான். ஐந்தோடு நின்றுவிட்டால் அந்த வருஷம் ஊரே குளிரில் வெடவெடத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு வருஷம் ஐந்தோடு நின்றால் கோச் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' பலகை முளைத்துவிடும்.

அவருடைய அறையில் கோப்பைகள் கிடையாது. சுவர் முழுக்கச் சனிக்கிழமைகள்தான். இன்றிலிருந்து ஒன்பது வருஷத்துக்கான செப்டம்பர்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். இந்தத் தொழிலில் கல்யாணத்துக்கு முன்பே பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்தாக வேண்டும். ஏழு எட்டு வருஷம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஆளைப் பிடித்து வைக்காவிட்டால் ஒருத்தனும் அகப்பட மாட்டான். எந்தக் கல்லூரி எட்டு வருஷம் கழித்தும் நோஞ்சானாகவே இருக்கும் என்று எப்படித் தெரியும்? அதற்காக ஆர்லிஸ் பதினோரு சின்ன ஊர்ப் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டுகிறார். எந்தக் கோச்சுக்கு விவாகரத்து, எந்தக் கல்லூரியில் ஹாஸ்டல் கூரை ஒழுகுகிறது, எங்கே டீன் ராஜினாமா செய்தார், எல்லாம் அத்துப்படி. அவருக்கென்று ஒரு சோதனையும் உண்டு. பேண்டு வாத்தியக் குழுவின் போட்டோவைப் பார்ப்பார். ட்ரம் அடிக்கிறவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கல்லூரி இளைக்கிறது என்று பொருள். "மேளம் போச்சுன்னா பின்னாடியே எல்லாம் போகும்" என்பார். இருபத்தாறு வருஷத்தில் இந்தச் சோதனை ஒரே ஒரு தரம்தான் காலை வாரிவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் அவருக்கு நடக்கிற மரியாதையைச் சொல்ல வேண்டும். தினம் காலை ஆறரைக்கு நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில் பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியும் வெள்ளைக் குழம்பும் சாப்பிட உட்காருவார். பக்கத்து மேசையில் கோதுமை விவசாயிகள். அதில் ஹோமர் டில்வொர்த் என்று ஒருவர், நாற்பது வருஷமாக சீசன் டிக்கெட் வாங்குகிறவர், வாய் நீளம்.

"அடுத்த வருஷம் யாரைய்யா கூட்டிட்டு வர்றே? நர்ஸ் காலேஜா?"

"கேட்டுப் பார்த்தேன், ஹோமர். நீ பார்க்க வருவேன்னு சொன்னதும் மாட்டேன்னுட்டாங்க."

"அதுவும் இல்லேன்னா கண்ணு தெரியாதவங்க பள்ளிக்கூடம் இருக்கு."

"அவங்க கெட்டிக்காரங்க. நம்மளைத் தோக்கடிச்சுருவாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். ஆர்லிஸும் சிரிப்பார். முள்கரண்டியைக் கீழே வைக்காமல், கோபப்படாமல், கடைசித் துணுக்கு வரை குழம்பை வழித்துச் சாப்பிடுவார். ஹோமரும் அவருடைய கூட்டமும் டிசம்பரில் பௌல் ஆட்டத்துக்குச் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவது இந்த நோஞ்சான்களின் புண்ணியத்தில்தான் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியது கிடையாது.

ஆர்லிஸ் சாய்ந்து சாய்ந்து நடப்பார். அதற்குக் காரணத்தை அவர் சொல்ல மாட்டார், நேடீன்தான் சொல்லுவாள். எண்பத்து மூன்றில் அவர் இதே கல்லூரிக்காக ஆடினார். அப்போது கேடோ வேலிதான் நோஞ்சான். பணம் தேவை என்று அன்றைய நிர்வாகம் அணியை அடுத்தடுத்த மூன்று சனிக்கிழமைகளில் மூன்று ராட்சச அணிகளிடம் அனுப்பியது. முதல் வாரம் நாலு பேர் விழுந்தார்கள். இரண்டாம் வாரம் ஆறு பேர். மூன்றாம் வாரம் மாற்று ஆளே இல்லை. பாதி ஆட்டத்தில் ஆர்லிஸின் முழங்கால் திரும்பிக்கொண்டது. நாடா சுற்றி மறுபடியும் உள்ளே அனுப்பினார்கள். அறுபத்தாறுக்கு மூன்று. "அந்த மூணு பாயிண்ட்டைத்தான் இந்த மனுஷன் இன்னும் தாங்கித் தாங்கி நடக்குறாரு" என்பாள் நேடீன். நம் பையன்களை இனி எவனுக்கும் தீனியாக அனுப்புவதில்லை என்று அவர் அன்றைக்கு முடிவு செய்தார். அடுத்தவன் பையன்களைத் தீனியாக வரவழைப்பது பற்றி அவர் முடிவு ஒன்றும் செய்துகொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது அந்தக் காலை வாரிய கதை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கார்வர் டெக் என்ற மிசௌரிக் கல்லூரி ஒரே சீசனில் பதினொன்றும் தோற்றது. பேண்டில் இரண்டே இரண்டு ட்ரம். ஃபுட்பாலையே மூடிவிடலாமா என்று உள்ளூர்ப் பத்திரிகை தலையங்கம் எழுதியது. ஆர்லிஸ் அன்றைக்கே போன் போட்டு, இப்போது வரப்போகிற செப்டம்பர் பன்னிரண்டுக்கு அவர்களைப் பிடித்து வைத்தார். போன் போட்ட மறு வருஷமே கோழிப் பண்ணையில் கொழித்த ஒரு பழைய மாணவர் கல்லூரிக்குக் கொட்டிக் கொடுத்தார். புதுக் கோச் வந்தார். நூற்று நாற்பது கிலோவுக்குக் குறையாத பையன்கள் வந்து சேர்ந்தார்கள். இப்போது கார்வர் டெக் இருபத்தொரு ஆட்டமாகத் தோற்கவில்லை. ஆர்லிஸ் கைப்பட எழுதி வரவழைத்த எமன்.

ஹார்வெஸ்டர்ஸ் இந்த வருஷமும் ஐந்தோடு நின்றுவிட்டது. இது இரண்டாவது வருஷம். கோச் டேட் மேடக்ஸுக்கு, ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருப்பதால், கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். சீசன் முடிந்த திங்கட்கிழமை அவர் ஆர்லிஸின் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. சுவரில் இருந்த செப்டம்பர் பன்னிரண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை எடுத்துடுங்க, ஆர்லிஸ். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ரத்து பண்ணலாம்னு நீங்களேதான் ஒப்பந்தத்துல எழுதியிருக்கீங்க."

"எழுதியிருக்கேன்."

"அப்புறம் என்ன? சாதுவா ஒண்ணைப் பிடிச்சுப் போடுங்க. அந்த ஒரு ஆட்டம்தான் எனக்கு ஆறாவது." தேதியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என் பொண்ணு இதுவரைக்கும் நாலு ஸ்கூல் மாறிட்டா. இங்கதான் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா" என்றார்.

 மேடக்ஸ் நல்ல மனிதர்; பையன்களைத் திட்டமாட்டார். விளையாட்டுத் துறைத் தலைவர் கார்லண்ட் டீக்கும் சம்மதித்துவிட்டார். ரத்துக் கடிதத்தை ஆர்லிஸின் பெயரில் எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார்கள். ஒப்பந்தம் ஆர்லிஸின் பெயரில் இருப்பதால் அவர்தான் அனுப்ப வேண்டும். ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை.

அதற்குமுன் மாற்று ஆள் வேண்டும். டிசம்பரில் இன்னும் காலியாக இருக்கிற அணி என்றால் வேறு ஒருவரும் சீண்டாத அணி என்று பொருள். புதன்கிழமை அகப்பட்டது பைன் ஃபோர்க்ஸ். ஆர்கன்ஸா காட்டுக்குள் இருக்கிற கல்லூரி, போன வருஷம்தான் பெரிய பிரிவுக்கு ஏறியது. அங்கே விளையாட்டைப் பார்த்துக்கொள்கிறவர் டெல்ஃபின் ராட்லிஃப் என்கிற அம்மாள். போனை முதல் மணியிலேயே எடுத்தார்.

"வர்றோம் சார். எந்தத் தேதின்னாலும் வர்றோம்."

"அதுக்கு முந்தின ரெண்டு வாரம் யாரோட ஆடுறீங்க?"

அம்மாள் இரண்டு பெயர்களைச் சொன்னார். தேசத்தின் முதல் பத்து இடங்களில் இருக்கிற இரண்டு அணிகள். இரண்டும் அவர்கள் ஊருக்குப் போய் ஆடவேண்டிய ஆட்டங்கள். ஆர்லிஸ் பென்சிலை மேசையில் வைத்தார்.

"அப்ப நாங்க மூணாவது."

"ஆமா சார், மூணாவது."

"பசங்க எத்தனை பேரு?"

"அறுபத்தொண்ணு. ரெண்டு பேருக்குக் கணுக்கால் சரியாச்சுன்னா அறுபத்திமூணு."

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று போனை வைத்தார். அந்த இரண்டு நாள் காலையிலும் சாப்பாட்டுக் கடையில் குழம்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று ஹோமர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரத்துக்குக் கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாளைக் கூப்பிட்டார். ஆர்லிஸ் யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகியவர் அல்ல. அவருடைய தொழிலே சரி சொல்ல வைக்கிற தொழில். தொண்டையைக் கனைத்து, சுற்றி வளைத்துத்தான் சொன்னார்.

"மேடம், மூணு வாரம் அடுத்தடுத்து வேண்டாம். பசங்களால தாங்க முடியாது. அதுக்கடுத்த வருஷம் முதல் வாரம் வாங்களேன், நல்லா ஓய்வெடுத்துட்டு."

 அந்த அம்மாள் நிதானமாகப் பேசினார்.

"உங்க பணம் இப்பவே வேணும். ஜிம் கூரை இந்த வருஷம் ஒழுகுது சார், அதுக்கடுத்த வருஷம் இல்ல. எங்க பசங்களால என்ன தாங்க முடியும்னு எங்களுக்குத் தெரியும். அதை முடிவு பண்ண நீங்க யாரு?"

ஆர்லிஸுக்குக் காது சிவந்துவிட்டது. எண்பத்து மூன்றில் அவரும் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினார். பெரிய மைதானத்தைப் பார்க்கப்போகிறோம் என்று ராத்திரி தூக்கம்கூட வரவில்லை. "நீங்க சொல்றது சரிதான், மேடம்" என்றார். அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

மணி இரண்டு. பட்டியலில் இன்னும் மூன்று பெயர் இருந்தது. ஒன்றைக் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், எல்லாமே பைன் ஃபோர்க்ஸ் மாதிரி அணிகள்தான். அவர் போனில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மேடக்ஸ் ஆள் பிடிக்க டெக்ஸாஸ் போயிருந்தார். அங்கிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்: அனுப்பியாச்சா? கார்லண்ட் டீக் டல்ஸாவில் நன்கொடையாளர்களோடு விருந்தில் இருந்தார். கடிதம் திரையில் தயாராக இருந்தது. நான்கு மணிக்கு ஆர்லிஸ் கம்ப்யூட்டரை அணைத்தார். கோட்டை மாட்டினார். பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார்.

லைல் வைட்செலின் முடிதிருத்தும் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஹோமர், முடி வெட்ட அல்ல, பேச்சுக்கு வந்தவர். ஆர்லிஸ் தம் முறை வரும்வரை பழைய டிராக்டர் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு இருந்தார். நாலரைக்கு மேல் நாற்காலி காலியானது. லைல் கழுத்தில் துணியைக் கட்டினார்.

"என்ன திடீர்னு? போன வாரந்தானே வெட்டினே."

"இன்னும் கொஞ்சம் எடு."

"எதை எடுக்கிறது, தோலையா?" லைல் கத்தரிக்கோலைச் சும்மா காற்றில் இரண்டு தரம் வெட்டினார்.

ஹோமர் பத்திரிகைக்கு மேலாகப் பார்த்தார். "நீ மூலை மூலையா தேடுறதா கேள்விப்பட்டேன். செப்டம்பர் பன்னெண்டுக்கு யாரு? எந்தப் பாவப்பட்ட கூட்டம்?"

"கார்வர் டெக்."

கத்தரிக்கோல் நின்றது. ஹோமர் பத்திரிகையை மடியில் வைத்தார். சாப்பாட்டுக் கடையில் இருபது வருஷமாகக் கடினமான எதிராளி வேண்டும் வேண்டும் என்று கத்தியவர் அவர்தான்.

"அவனுங்க நம்மளை மென்னு துப்பிடுவானுங்க, ஆர்லிஸ்."

"இருக்கலாம். நம்ம பசங்க முந்தின வாரம் எவன்கிட்டயும் அடிபட்டுட்டு வரமாட்டாங்க. எல்லாரும் முழுசா இருப்பாங்க. நின்னு ஆடுவாங்க."

"தோத்தா மேடக்ஸைத் துரத்திடுவாங்களே?"

"ஆமா."

"உன்னை?"

 துணிக்கு அடியில், ஆர்லிஸின் கோட்டுப் பையில், போன் அதிர ஆரம்பித்தது. மூவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. லைல் துணியை விலக்கப் போனார். ஆர்லிஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாசலுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது.

"ஷேவும் பண்ணிடு, லைல்."

"நீ இங்க ஷேவே பண்ணதில்லையே?"

"இன்னைக்குப் பண்ணு. மெதுவாப் பண்ணு."

லைல் சோப்பை நுரைத்துத் தடவினார், கத்தியைத் தோல் வாரில் தீட்டினார். போன் நின்று, மறுபடியும் அதிர்ந்தது. ஆர்லிஸ் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் காட்டினார்.