கட்டாமல் விட்ட கிடாய்

பிளானோ நகருக்கு வடக்கே, வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் அக்காவும் மச்சானும் கொஞ்சம் நிலம் வாங்கி ஆடு வளர்த்தார்கள். மச்சானுக்கு வேலை பக்கத்து நகரமான ரிச்சர்ட்சனில். ஆடுகள் அவருடைய ஆசை. அந்தக் குளிர்காலத்தில் ஆடுகள் குட்டி போட்டதும் ஒரு காட்டுப்பூனை வரத் தொடங்கியது. நடுத்தர நாயின் உயரம், குட்டை வால். இங்கே பாப்கேட் என்பார்கள். விடிந்ததும் போய்ப் பார்த்தால் உறைபனி மேல் நகம் பதியாத வட்டத் தடங்கள் இருக்கும். குட்டிகளில் ஒன்று குறைந்திருக்கும்.

கொட்டகைக் கதவைச் சாத்தினால் போதும். ஆனால் சாத்த வழியில்லை. அக்கா மகள் சிறுநீரகம் இரண்டும் கெட்டு டயாலிசிஸில் இருந்தாள். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் இங்கேயே சாமியாக ஒரு கல் நட்டுப் பொங்கல் வைத்து வெட்டுவதாக அக்கா ஓர் இளங்கிடாயைக் குலசாமிக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். அப்படி விட்டதைக் கட்டக்கூடாது, அடைக்கவும் கூடாது. அது நினைத்தபோது வந்து படுக்க, இருந்த ஒரே கொட்டகையின் கதவு திறந்தே கிடந்தது. சிறுநீரகம் கிடைத்ததும் எந்த நேரத்திலும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும் என்று அக்காவின் தலைமாட்டில் போனும் எப்போதும் இருந்தது.

“பூனைக்கு நீயே எலை போட்டு விருந்து வெக்கிற புள்ள,” என்றார் மச்சான்.

“வெச்சுட்டுப் போறனுங்க. எம் புள்ளைக்கு ஒண்ணு கெடைச்சாப் போதும்.”

சோபாவில் படுத்திருந்த மகள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: “அம்மா, தட் கோட் டசின்ட் ஈவன் நோ மீ. அந்த ஆட்டுக்கு என்னைத் தெரியக்கூடத் தெரியாது.”

“சாமிக்குத் தெரியும். நீ தூங்கு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கிடாயைக் காணவில்லை. மச்சானும் நானும் வேலியோரமாகத் தேடினோம். ஒரு மரத்தடியில் காய்ந்த புல் குவிந்திருந்தது. தின்று மிஞ்சியதை அந்தப் பூனை அப்படித்தான் மூடி வைக்கும். புல்லுக்கு வெளியே மஞ்சள் பூசிய கொம்பு தெரிந்தது.

மச்சானின் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு அக்கா பின்னால் வந்தாள். புல்லை விலக்கிப் பார்த்தாள். திரும்பவும் மூடினாள்.

“வேற ஒண்ணு நேர்ந்துக்கலாம் புள்ள.”

“வேண்டாமுங்க. சாமி வேண்டாம்னுதான் பூனைகிட்ட உட்டிருக்குது.”

 

அன்று மாலை அக்காவே கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு குட்டியும் குறையவில்லை. வீட்டுக்குள் வந்தவள் தலைமாட்டிலிருந்த போனை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தாள்.