டப்பா தட்டும் முன்பே வந்த மீன்கள்

வெண்டல் கிரப் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. அதைச் சொல்லாமல் ஒரு நாளும் என்னை விட்டதுமில்லை. கென்டக்கியில் அவர் பண்ணைக்கு அடுத்தது என்னுடையது, தப்பிக்க வழியில்லை.

அந்த வசந்தத்தில் அவர் மனைவி ஓனீட்டா இடுப்பெலும்பு முறிந்து முதியோர் இல்லத்துக்குப் போனார். அங்கே ஓனீட்டாவின் அறை ஜன்னலுக்கு வெளியே புதுக் குளம் வெட்டியிருந்தார்கள். "மீனே இல்லாத தண்ணிய எவ்ளோ நேரந்தான் பாத்துக்கிட்டு இருக்குறது?" என்று அலுத்துக்கொண்டார். வெண்டலுக்கு அது போதும். மறுநாளே முந்நூறு புளூகில் மீன் குஞ்சுகள் வந்துவிட்டன.

இல்லத்துக் குளம் முழுசாக நிரம்ப ஆகஸ்ட் ஆகும். அதுவரை தன் குளத்திலேயே வளர்க்கலாம் என்றால், அங்கே பாஸ் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு திரிந்தன. அதனால் வலைக் கூண்டு ஒன்று செய்து படகுத்துறையில் கட்டித் தொங்கவிட்டார். காலையில் காபி டப்பாவைத் தட்டுவார். குஞ்சுகள் மேலே வரும், தீனி போடுவார். ஆகஸ்டுக்குள் உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டன. சனிக்கிழமை கொண்டுபோய் விடுவதாக ஓனீட்டாவிடம் சொல்லியாயிற்று.

அந்த வாரம் மூன்று நாளாக வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, ஒரே புழுக்கம். புதன்கிழமை காலை டப்பாவைத் தட்டும் முன்பே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாத்தியா! என் செருப்புச் சத்தத்துக்கே வந்துட்டானுங்க!"

"பஸ்ஸ விட்டுருவோமோன்னு பயம் போலய்யா," என்றேன்.

இரண்டு கைப்பிடி தீனி கூடுதலாகவே போட்டார். ஒன்றுகூடத் தொடவில்லை.

"மொறைக்கிறானுங்க பாரு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வியாழன் காலை பாதிக்கு மேல் வயிறு மேலாக மிதந்தன. வெயிலும் காற்றும் இல்லாமல் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது, நேற்று அவை மேலே வந்தது மூச்சுக்குத்தான் என்பது அப்போதுதான் இரண்டு மடையர்களுக்கும் உறைத்தது. வெண்டல் கூண்டுக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"தொறந்தா பாஸ் தின்னுடும். தொறக்காட்டி இதுக்குள்ளயே செத்துடும். என்னய்யா பண்றது?"

கடைசியில் திறந்தார். ஒன்றும் வெளியே போகவில்லை. போகத் தெம்பில்லை. ஓடிப்போய்க் குழாயை இழுத்து வந்தோம். கரையில் கிடந்த தொட்டியில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, உயிருள்ளவற்றை அள்ளிப் போட்டோம். அவ்வளவுதான் முடிந்தது. மதியத்துக்குள் மிஞ்சியது பதினொன்று.

சனிக்கிழமை அந்தப் பதினொன்றையும் இல்லத்துக் குளத்தில் விட்டார். மற்றவை செத்ததை ஓனீட்டாவிடம் அவரும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஓனீட்டா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவை வாங்கித் தட்டினார். சற்று நேரம் கழித்து இரண்டு மீன்கள் மேலே வந்தன.

"ஐயோ, வெண்டல், பசிக்குது பாரு அதுங்களுக்கு! போடு, போடு!"

வெண்டல் தீனியைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல், அவற்றின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.